எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கப்பல்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கதைத்துக்கொண்டிருக்கும்போது லைன் பாதியில் அறுந்துபோனது. சொல்ல வந்ததில் கால்வாசிகூட நான் சொல்லி முடிக்கவில்லை. "எங்கட ஊர்ப் பெயரோட இங்க ஒரு பாய்க்கப்பல் நிக்குது மாமா, இருநூறு வருசத்துக்கு மேல" என்று தொடங்கியதும் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன மரம் பிள்ளை?" எத்தனை பீரங்கி, எந்தச் சண்டை, கப்டன் யார் என்றெல்லாம் கேட்கவில்லை. தேக்கு என்றேன். "அப்ப நிக்கும்" என்றீர்கள். அதோடு லைன் போய்விட்டது.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். கப்பல் வரலாறு என்றால் பெரும்பாலும் கப்டன்மாரின் வரலாறாகத்தான் எழுதி வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கப்பலுக்குள் நின்றபோது எனக்கு அது முழுக்க முழுக்கத் தச்சர்களின் கப்பலாகத்தான் தெரிந்தது. நாற்பது வருடம் வள்ளம் கட்டிய உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மச்சாள் வாசித்துக் காட்டுவா. ஊர்ப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், வட கடலைப் பார்த்தபடி ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய டொக்கில், கப்பல் கட்டித் திருத்தும் துறையில், நிற்கிறது 'எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி'. எங்கள் திருகோணமலையை ஆங்கிலத்தில் சொல்வது அப்படித்தான். கரையில் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், உண்மையாகவே தண்ணீரில் மிதக்கிறது. இன்றைக்கும் மிதந்துகொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இதைவிட வயது கூடியது எதுவும் இல்லை. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' இதற்கு மூத்தது என்பது சரி, ஆனால் அது 1922ஆம் ஆண்டிலிருந்து போர்ட்ஸ்மவுத்தில் தண்ணீர் இல்லாத டொக்கில்தான் இருக்கிறது.

மூன்று பாய்மரங்கள். கறுப்பு உடம்பில் ஒரு வெள்ளைப் பட்டி, அந்தப் பட்டியில் வரிசையாகப் பீரங்கி வாசல்கள். கப்பலின் முன்முனையான அணியத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆளின் மார்பளவுச் சிலை. உள்ளே இறங்க இறங்கக் கூரை தாழ்ந்துகொண்டே வரும். உங்கள் உயரத்துக்கு நீங்கள் நிமிரவே முடியாது. தொங்குபடுக்கை கட்ட ஒரு ஆளுக்கு 14 அங்குல அகலம் என்பது அந்தக் காலக் கப்பற்படைக் கணக்கு. எங்கள் ஏணை மாதிரித்தான், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தொங்கும். பாதிப் பேர் மேலே காவலில் நிற்பதால்தான் மற்றப் பாதிப் பேருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

நான் அங்கே செய்த முதல் வேலை, நீங்கள் சொல்லித் தந்தபடி, கப்பலின் விலா மரமான வங்கு ஒன்றை விரல் மொழியால் தட்டிப் பார்த்தது. உக்கின மரம் பொத்தென்று சத்தம் தரும், நல்ல மரம் திருப்பிப் பேசும் என்பீர்களே. மாமா, அது திருப்பிப் பேசியது. கறுத்துப்போய், விளிம்பெல்லாம் மழுங்கி, கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. 1816இல் பம்பாயில் அறுத்து வைத்த மரம்.

ஆமாம், பம்பாய். இங்கிலாந்தின் கப்பற்படைக் கப்பலைக் கட்டியது இங்கிலாந்து இல்லை. அவர்களிடம் ஓக் மரம் தட்டுப்பாடாகிவிட்டது. நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் கப்பல் மேல் கப்பலாகக் கட்டிக் காடுகளைக் காலி பண்ணிவிட்டார்கள். காயாத பச்சை மரத்தில் அவசரத்துக்குக் கட்டிய கப்பல்கள் சில வருடங்களிலேயே உக்கத் தொடங்கின. அப்போதுதான் பம்பாய் வாடியா குடும்பத்தின் பக்கம் பார்வை திரும்பியது. 1736இல் லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சர் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தார். அவருக்குப் பின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று தலைமுறை தலைமுறையாக அந்த டொக்கின் தலைமைத் தச்சர்களாக இருந்தார்கள். ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா காலத்தில் பம்பாயில் 74 பீரங்கிகள் கொண்ட பெருங்கப்பல்களே இறங்கின. 1810இல் 'மிண்டன்', 1813இல் 'கோர்ன்வாலிஸ்'. அந்தக் கோர்ன்வாலிஸில்தான் 1842இல் சீனாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான நான்ஜிங் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ட்ரிங்கோமலியையும் கட்டியது ஜம்செட்ஜிதான். கப்பலின் முதுகெலும்பான ஏரா வைத்தபோது பார்சி வழக்கப்படி, எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அதில் அடித்திருக்கிறார்கள். கப்பலுக்கு ஆயுள் வேண்டி. இதைப் படித்ததும் எனக்கு உங்கள் கொட்டில்தான் ஞாபகம் வந்தது. ஏரா வைக்கும் நாளில் நீங்கள் மஞ்சள் துணி சுற்றி, தேங்காய் உடைத்து, எங்களைப் பேசாமல் நிற்கச் சொல்வீர்கள். நான் ஒருமுறை சிரித்ததற்கு அடியும் வாங்கியிருக்கிறேன். இப்போது சிரிக்க மாட்டேன் மாமா.

மலபார்க் காட்டுத் தேக்கு அது. 'டீக்' என்று இங்கே எல்லோரும் சொல்லும் சொல்லே எங்களுடையது. தேக்கு என்று தமிழிலும் மலையாளத்திலும் சொன்னதைப் போர்த்துக்கேயர் 'தேக்கா' என்று எடுத்துப்போய், அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தேக்கு ஏன் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஓக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். ஓக்கில் ஒரு புளிப்பு இருக்கிறது, ஈரம் பட்டால் அது இரும்பு ஆணியைத் தின்றுவிடும். ஆணி போனால் பலகை நெகிழும், பலகை நெகிழ்ந்தால் தண்ணீர். தேக்கில் இருப்பது எண்ணெய். அது ஆணியையும் காப்பாற்றும், பூச்சியையும் கிட்ட விடாது. ஓக் கப்பல் ஒன்றைப் பெரிய திருத்தம் இல்லாமல் இருபது வருடம் ஓட்டுவதே பெரும்பாடு.

சரி, ஏன் 1816? கப்பல் கட்டச் சொல்லி உத்தரவு போட்டது 1812 அக்டோபரில். நடுவில் நாலு வருடம் எங்கே போனது? இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கப்பலின் வரைபடங்களை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். 1812 நவம்பரில் 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த வருடம்தான் அமெரிக்காவும் பிரித்தானியாவோடு போர் தொடங்கியிருந்தது. டிசம்பர் 29ஆம் தேதி, பிரேசில் கரைக்கு அப்பால், ஜாவாவின் எதிரே வந்தது அமெரிக்காவின் 'கொன்ஸ்டிடியூஷன்'. அது ஜாவாவைவிடப் பெரிய கப்பல், பீரங்கிகளும் பெரிது. நாலு மாதத்துக்கு முன்னர்தான் இன்னொரு பிரித்தானியக் கப்பலை அடித்து நொறுக்கி, குண்டுகள் பட்டுத் தெறித்ததால் 'பழைய இரும்புடம்பு' என்ற பட்டப்பெயர் வாங்கியிருந்தது. இரும்பும் இல்லை ஒன்றும் இல்லை. அதுவும் மரம்தான், அமெரிக்காவின் தெற்குக் கரையில் வளரும் ஒருவகை இறுகிய ஓக்.

சண்டை சில மணி நேரம் நடந்தது. ஜாவாவின் குண்டு ஒன்று கொன்ஸ்டிடியூஷனின் சுக்கான் சக்கரத்தையே பறித்துக்கொண்டு போனது. அமெரிக்கக் கப்டன் பெயின்பிரிட்ஜ் இரண்டு காயத்தோடு மேல்தளத்திலேயே நின்றார். கீழ்த்தளத்தில் ஆட்கள் கயிறு போட்டுச் சுக்கானை இழுக்க, அவர் சத்தம் போட்டுத் திசை சொல்லிச் சண்டையை முடித்தார். ஜாவாவின் கப்டன் லாம்பேர்ட் படுகாயமடைந்து சில நாட்களில் இறந்துபோனார். ஜாவா பாய்மரங்கள் எல்லாம் போய், இழுத்துப்போகக்கூட முடியாத நிலை. அதன் சுக்கான் சக்கரத்தைக் கழற்றித் தங்கள் கப்பலில் பூட்டிக்கொண்டு, அமெரிக்கர்கள் ஜாவாவைக் கொளுத்திவிட்டார்கள். ட்ரிங்கோமலியின் வரைபடமும் அதோடு போய்விட்டது.

மறுபடி வரைபடம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்து, ஏரா வைத்தபோது 1816. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூச் சண்டை முடிந்து கிட்டத்தட்ட ஒரு வருடம். 1817 அக்டோபர் 12ஆம் தேதி கப்பல் தண்ணீரில் இறங்கியபோது சண்டை பிடிக்க எதிரியே இல்லை.

இப்போது இதையும் கேளுங்கள். உலகத்தில் இன்றைக்கும் தண்ணீரில் மிதக்கும் பழைய போர்க்கப்பல்களில் முதலாவது பொஸ்டனில் நிற்கும் கொன்ஸ்டிடியூஷன், 1797இல் இறங்கியது. அடுத்தது எங்கள் ட்ரிங்கோமலி. வரைபடத்தை அழித்ததும் பிந்திப் பிறந்ததும், இரண்டும்தான் கடைசியில் மிஞ்சியிருக்கின்றன. அந்தப் பிந்தல் மட்டும் இல்லாவிட்டால் ட்ரிங்கோமலியும் ஏதாவதொரு சண்டையில் முகம் உடைந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

புதுக் கப்பல் 1818 கடைசியில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. வழியில், 1819 ஜனவரியில், சென்ட் ஹெலினாத் தீவில் ஆறு நாள் நின்றது. நெப்போலியனைச் சிறை வைத்திருந்த தீவு. அவரை அந்த மாதம்தான் பார்த்து மருந்து கொடுத்த ஜோன் ஸ்டோக்கோ என்ற கப்பற்படை வைத்தியரை அங்கிருந்து ஏற்றிக்கொண்டு போனது. எந்த மனிதனோடு மோதக் கட்டச் சொன்னார்களோ, அவன் கரையில் நோயாளியாகக் கிடக்க, கப்பல் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஏப்ரல் 30ஆம் தேதி போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தது. போனதும் மேலே கூரை போட்டுக் கட்டி வைத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு வேலையும் இல்லை.

மழை உள்ளே இறங்காமல் கூரைக்குக் கீழே இருந்ததுதான் அதற்குக் கிடைத்த இரண்டாவது அதிர்ஷ்டம். மரக்கப்பலுக்குக் கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் எமன் என்று நீங்கள் சொன்னதை இங்கே வந்துதான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

1845இல் எடுத்துத் திருத்தினார்கள். முப்பத்தெட்டுப் பீரங்கிக்குக் கட்டிய கப்பலில் இருபத்தாறு மட்டும் வைத்தார்கள், ஆனால் ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரியது. பின்பக்கத்தையும் வட்டமாக மாற்றினார்கள். 1847இல் புறப்பட்டு வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் மூன்று வருடம். அங்கே அடிமைகளை ஏற்றி வரும் கப்பல்களைத் தடுக்கும் காவலும் அதன் வேலைகளில் ஒன்று. அதைப் படித்தபோது மனதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த பயணத்தைப் படித்தபோது அப்படி இருக்கவில்லை. 1852இலிருந்து 1857 வரை பசிபிக்கில். 1856இல் கனடாவின் வன்கூவர் தீவில், கவிச்சன் என்ற பூர்வகுடி மக்களின் ஊரில், ஒரு வெள்ளைக்காரக் குடியேறி சுடப்பட்டுக் காயமடைந்தார். ஆளுநர் டக்ளஸ் நானூறுக்கும் மேற்பட்ட ஆட்களோடு அங்கே போனார். அந்தப் படையைக் கொண்டுபோனது இந்தக் கப்பல்தான். சுட்டதாகச் சொல்லப்பட்டவரைப் பிடித்து, அங்கேயே விசாரித்து, அவருடைய சொந்தச் சனத்தின் கண்முன்னால் தூக்கிலிட்டார்கள். அவர் பெயர் தத்லாசுட். குடியேறி பிழைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர்ப் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு ஒரு கப்பல் இன்னொரு சனத்தின் கரையில் பீரங்கியோடு போய் நின்றிருக்கிறது. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கத்துக் கடல் வரைபடத்தில் 'ட்ரிங்கோமாலி சனல்' என்று ஒரு நீரிணை இருக்கிறது, இந்தக் கப்பலின் பெயரில் வைத்தது. கனடாவில் இருக்கும் எங்கள் சனம் எத்தனை பேர் அதைக் கடந்து படகில் போயிருப்பார்களோ!

பெயர் எப்படி வந்தது என்றும் கேட்பீர்கள். 1782இல் எங்கள் கடலில் நடந்த சண்டையை வைத்துச் சூட்டிய பெயர். அந்த வருடம் ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் வந்து அவர்களிடமிருந்து பறித்தார். செப்டம்பர் 3ஆம் தேதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் கடலில் மோதினார்கள். யாரும் வெல்லவில்லை. துறைமுகம் பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது. பிறகு உடன்படிக்கைப்படி ஒல்லாந்தரிடம் திரும்பி, 1795இல்தான் ஆங்கிலேயர் மறுபடி பிடித்தார்கள். அவர்களுக்கு அது கப்பல் ஒதுங்க நல்ல ஆழத் துறைமுகம், அவ்வளவுதான். எங்களுக்கு அது கோணேசர் இருக்கும் மலை. தேவாரத்தில் கோணமாமலை என்று படிக்கிறோமே, அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து இந்தக் கப்பலின் பின்பக்கத்தில் போய் ஒட்டியிருக்கிறது.

அந்தப் பெயரும் ஒருகட்டத்தில் போய்விட்டது. பசிபிக்கிலிருந்து திரும்பிய பிறகு பையன்களைப் பழக்கும் கப்பலாக்கினார்கள். அப்போதே ஹார்ட்டில்பூலில் 1862இலிருந்து பதினைந்து வருடம் நின்றிருக்கிறது. 1897இல் உடைத்து விறகாக்கும் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். அதே வருடம் ஜூன் மாதம், நெல்சனின் பழைய கப்பல் 'ஃபுட்ராயன்ட்' பிளக்பூல் கரையில் புயலில் அடிபட்டு உடைந்தது. அதை வாங்கிப் பராமரித்து வந்தவர் வீட்லி கொப் என்ற பணக்காரர். உடைந்த கப்பலுக்குப் பதிலாக ஒன்று தேடியவர் கண்ணில் பட்டது, உடைபடக் காத்திருந்த ட்ரிங்கோமலி. வாங்கித் திருத்தி, தன் பழைய கப்பலின் நினைவாக அதற்கும் ஃபுட்ராயன்ட் என்றே பெயர் வைத்தார்.

கொப் இல்லாவிட்டால் கப்பல் இல்லை, அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் எண்பது வருடத்துக்கு மேல் ஃபுட்ராயன்ட் என்ற பெயரோடு ஃபால்மவுத்திலும் போர்ட்ஸ்மவுத்திலும் நின்று, எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாய் கட்டவும் துடுப்புப் போடவும் பழக்கியிருக்கிறது அந்தத் தேக்கு, தன் சொந்தப் பெயர் தெரியாமல். 1987இல் பெரிய மிதவை ஒன்றில் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து, பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தார்கள். 1992இல் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2001இல் வேலை முடிந்தது. உடம்பில் பாதிக்கும் மேல் இன்னும் பம்பாய் மரமே.

நீங்கள் எத்தனையோ தரம் சொன்ன அன்னபூரணியின் கதை அன்றைக்கு முழுக்க மனதில் ஓடியது. வல்வெட்டித்துறையில் எங்கள் ஆட்கள் கட்டிய பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்க, எங்கள் மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குளோசெஸ்டர், கொன்ஸ்டிடியூஷன் நிற்கும் பொஸ்டனுக்குக் கொஞ்சம் வடக்கே அதே கரையில்தான் இருக்கிறது என்பது இப்போது வரைபடம் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அன்னபூரணியைக் கட்டிய கைகளைப்போல, ஜம்செட்ஜியின் கீழே வேலை செய்த கைகளும் நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும். மரம் அறுத்தவர், துளை போடத் துறப்பணம் பிடித்தவர், பலகை இடுக்கை அடைத்துக் கலப்பற்றுப் பார்த்தவர். ஜம்செட்ஜியின் பெயர் நிற்கிறது. அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் அடித்த ஆணி நிற்கிறது.

மேல்தளத்தில் நடக்கும்போது பலகைக்கும் பலகைக்கும் நடுவே கறுப்புக் கோடுகளைப் பார்த்தேன். குனிந்து நகத்தால் தொட்டேன். தார் போட்ட சணல் நாரைத் திணித்து, மேலே கீல் உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். உங்கள் கொட்டிலில் மத்தியான வெயிலில் வரும் அதே மணம். பக்கத்தில் தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு வயதானவர் நான் குனிந்திருப்பதைப் பார்த்து, உனக்கு இது தெரியுமா என்று கேட்டார். என் மாமா இந்த வேலைதான் செய்கிறார், திருகோணமலையில் என்றேன். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒருதரம் பார்த்தார், பிறகு தளத்தைப் பார்த்தார். நீங்கள் என்ன உளி பாவிக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன் மாமா. அந்தக் கலப்பற்று உளியையும் கொட்டாப்புளியையும் பக்கத்தில் வைத்து, பிடி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து மச்சாளிடம் அனுப்பச் சொல்லுங்கள். அவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் அன்பு மருமகள்